கேள்வி-பதில்: ஸ்டீயரிங் ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றுவதை இணைப்புக் கம்பிகளின் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி) உள்ள பழைய கார். நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் அசைத்தாலும் வண்டி அசைந்து கொடுப்பதில்லை. பாக்ஸின் மேல் உள்ள ஸ்குரூவை இறுக்கினால் போதும் என்கிறார்கள். சரிதானா?

பதில்: அந்த ஸ்குரூவுக்குக் கடைசியில் போங்கள். சுலபமாகக் கைக்கு எட்டுவதால் எல்லோருடைய கண்ணும் முதலில் அதன் மேல்தான் விழுகிறது. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஏழெட்டு இணைப்புகளாவது இருக்கும். அவற்றில் தேய்ந்ததை விட்டுவிட்டு ஸ்குரூவை இறுக்கினால், நல்ல பாக்ஸும் கெடும்.

சின்னத் தேய்மானம் கைக்கு வரும்போது எப்படிப் பெரிதாகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வந்து இணைப்புக் கம்பிகளை அசைக்கும் கை) நீளம் 150 மி.மீ., பாக்ஸின் விகிதம் 16:1 (ஸ்டீயரிங் 16 பாகை திரும்பினால் ஆர்ம் 1 பாகை), ஸ்டீயரிங் வீலின் விட்டம் 380 மி.மீ. என்றால், பிட்மேன் ஆர்ம் நுனியில் 1 மி.மீ. ஆட்டம் ஸ்டீயரிங் விளிம்பில் சுமார் 20 மி.மீ. ஆகத் தெரியும். இரண்டு ஜாயின்ட் லேசாகத் தேய்ந்தாலே உங்கள் இரண்டு அங்குலம் வந்துவிடும்.

முதலில் அளந்துகொள்ளுங்கள். சமதளத்தில் சக்கரங்களை நேராக வைத்து, பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சினை ஓடவிட்டு, முன் டயர் அசையத் தொடங்கும் வரை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெல்லத் திருப்பி, விளிம்பில் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலால் பாருங்கள். சரியான வரம்பு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பல கார்களுக்கு 30 மி.மீ.க்குள்தான்.

அடுத்தது இடத்தைக் கண்டுபிடிப்பது. இதற்கு வண்டியை ஜாக்கியில் தூக்க வேண்டாம். டயர் தரையைப் பிடித்திருந்தால்தான் ஜாயின்ட்களில் எதிர்விசை வரும், ஆட்டமும் தெரியும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத இடம்தான் குற்றவாளி. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், இணைப்பின் இரு பாகங்களையும் சேர்த்து விரல் வையுங்கள், கை சொல்லிவிடும்.

ஸ்டீயரிங் தண்டில் (காலம்) உள்ள யுனிவர்சல் ஜாயின்ட், ரப்பர் கப்ளிங், அவற்றை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட் ஆகியவை முதலில். போல்ட் தளர்ந்து ஸ்பிளைன் (ஷாஃப்டின் மேல் நீளவாட்டில் உள்ள வரிப்பற்கள்) தேய்ந்திருந்தால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. பிறகு பாக்ஸைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்கள்: பாக்ஸே ஆடுகிறதா, அந்த இடத்தில் சேஸிஸ் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் திரும்பியும் பிட்மேன் ஆர்ம் உடனே அசையவில்லை என்றால் மட்டுமே கோளாறு பாக்ஸுக்குள். அதன் பிறகு டிராக் லிங்க் (பிட்மேன் ஆர்மோடு இணைந்த கம்பி), டை ராட் எண்ட்கள் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை ஜாயின்ட்கள்), கடைசியாக ஐட்லர் ஆர்ம் (பிட்மேன் ஆர்முக்கு எதிர்ப்பக்கம் இணைப்பைத் தாங்கும் கை). ஐட்லர் ஆர்மைப் பலர் பார்ப்பதே இல்லை. அது மேலும் கீழும் ஆடினால், எத்தனை டை ராட் எண்ட் மாற்றினாலும் டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு) நிலைக்காது.

டை ராட் எண்டைப் பிளையரால் அமுக்கிப் பார்த்து "போய்விட்டது" என்பார்கள். சில வகைகளில் உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் அமுக்கினால் இறங்கத்தான் செய்யும். பக்கவாட்டில் ஆடினால்தான் தேய்மானம்.

கேள்வி: எல்லா ஜாயின்ட்டும் சரி, ஆட்டம் பாக்ஸுக்குள்தான். ஸ்குரூவை எவ்வளவு இறுக்கலாம்?

பதில்: முதலில் பாக்ஸில் ஆயில் இருக்கிறதா பாருங்கள். முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் சரியாக நடுவில் இருக்க வேண்டும். பற்கள் நடுவில்தான் நெருக்கமாகப் பொருந்தும்படி அமைந்திருக்கும். ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருப்பது இயல்பு. திருப்பி வைத்த நிலையில் இறுக்கினால் நடுவுக்கு வரும்போது சிக்கும்.

செக்நட்டைத் (ஸ்குரூவை நகராமல் பூட்டும் நட்) தளர்த்தி, ஸ்குரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் உள்ளே திருப்புங்கள். ஸ்குரூவை அசையாமல் பிடித்துக்கொண்டே செக்நட்டை இறுக்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். எங்கும் கனமாகக் கூடாது. தேவையென்றால் இன்னொரு எட்டில் ஒரு பங்கு. ஓட்டும்போது வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை என்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள், உடனே தளர்த்துங்கள்.

ஸ்டீயரிங் ஷாஃப்டே முன்னும் பின்னும் ஆடினால் வார்ம் பேரிங் (பாக்ஸுக்குள் ஷாஃப்டின் திருகுப் பல்லைத் தாங்கும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகுதான் இந்த ஸ்குரூ. நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் ஓரங்களில் சிக்குகிறது என்றால், பற்கள் நடுவில் தேய்ந்துவிட்டன. அதற்கு ஸ்குரூ மருந்தல்ல. பாக்ஸைப் பிரித்துப் பாகங்களை மாற்ற வேண்டும்.

கேள்வி: என்னுடையது ரேக் வகை. டை ராட் எண்ட் இரண்டும் புதிது. ஆனாலும் ஆட்டமும் "டொக்" சத்தமும் இருக்கிறது.

பதில்: ரேக்கின் (பினியன் என்ற சிறு பல்சக்கரம் இடவலமாக நகர்த்தும் பல் தண்டு) இரு முனைகளிலும் ரப்பர் உறைக்குள் (பூட்) ஒளிந்திருக்கும் உள் பால் ஜாயின்ட்டைப் பாருங்கள். மற்றவர் ஸ்டீயரிங்கை ஆட்டும்போது அந்த உறையை வெளியிலிருந்தே இறுக்கிப் பிடித்தால் தட்டுவது கைக்குத் தெரியும். அது சரியென்றால், ரேக்கைத் தாங்கும் ரப்பர் புஷ்: அது தேய்ந்திருந்தால் ரேக் அதன் கூட்டோடு முழுதாக இடவலமாக நகரும். மூன்றாவது, ரேக்கின் உள் புஷ். ரேக்கைப் பினியனோடு அழுத்தும் பிளஞ்சர் நட்டை இறுக்குவது, பாக்ஸ் ஸ்குரூவைப் போலவே, கடைசி வேலை. பூட் கிழிந்திருந்தால் மண் புகுந்து ரேக்கே தேய்ந்திருக்கலாம்.

கேள்வி: சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் ஆடுகிறது. பேரிங்கா, ஜாயின்ட்டா?

பதில்: டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் சஸ்பென்ஷன் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின் (சில வண்டிகளில் சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் தடி). இடவலமாக மட்டும் ஆடினால் டை ராட் பக்கம் தேடுங்கள்.

கேள்வி: டை ராட் எண்டை நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். செக்நட்டைத் தளர்த்தும் முன் எண்டின் நடுவிலிருந்து ராடில் ஒரு குறி வரை அளந்து எழுதி வையுங்கள். கழற்றும்போது சுற்றுகளையும் எண்ணுங்கள். பாக்ஸ் வண்டிகளில் ஒரு முனை இடது மரையாக இருக்கும். ஸ்டட் (எண்டிலிருந்து நீளும் மரை போட்ட தண்டு) பிடிவாதம் பிடித்தால் புல்லர் போடுங்கள், அல்லது ஸ்டீயரிங் ஆர்மில் ஸ்டட் நுழையும் துளையைச் சுற்றிய பகுதியில் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டுங்கள். மரை முனையில் அடிக்காதீர்கள். பிட்மேன் ஆர்மை மட்டும் அடித்துக் கழற்றவே கூடாது, அதன் அடி பாக்ஸின் பேரிங்கில் விழும்.

டேப்பரைத் (ஸ்டட்டின் கூம்பு வடிவப் பகுதி) துடைத்து, கிரீஸ் இல்லாமல் மாட்டுங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு நட்டை இறுக்கிய பின் காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) ஓட்டை நேராக வரவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. காட்டர் பின் புதிதாக இருக்கட்டும். எவ்வளவு கவனமாக எண்ணினாலும் புது எண்டின் நீளம் சற்று மாறும். எனவே டயர் தேயும் முன் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.