ஹோம் லோனை அடைக்கவா, கிரைண்டர் வாங்கவா?

இந்த வாரம் மூணு கேள்வியும் மும்பைலேருந்து. பதில் சொல்றது செம்பூர்ல குடியிருக்கிற ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்.

கேள்வி: அண்ணே, தாராவி 90 அடி ரோடு பக்கம் இட்லி மாவு அரைச்சு விக்கிறேன், கடைங்களுக்கும் மூணு ஹோட்டலுக்கும் போகுது. வீடு டோம்பிவிலில. 6 வருஷம் முன்ன 30 லட்சம் லோன், 8.5 பர்சென்ட், 20 வருஷம், மாசம் 26,035. அவர் சம்பளமும் என் மாவு காசும் சேர்ந்துதான் கட்டுறோம். கையில இப்ப 4 லட்சம் இருக்கு. அத்தனையும் லோன்ல கட்டுங்கன்னு கொழுந்தனார் சொல்றார். எனக்கு பெரிய டில்டிங் கிரைண்டர் வாங்கணும், அதுக்கு ஒரு ஃபைனான்ஸ்காரர் ஒன்றரை வட்டிக்கு 3 லட்சம் தர்றேங்கிறார். என்ன பண்ணட்டும்?
- வாசகி, தாராவி

பதில்: தங்கச்சி, கொழுந்தனார் கணக்கு தப்பில்ல, அதை முதல்ல சொல்லிடறேன். நீங்க கட்டின முதல் இஎம்ஐல 21,250 வட்டிக்கே போச்சு, அசல்ல கழிஞ்சது 4,785 தான். 6 வருஷத்துல பதினெட்டே முக்கால் லட்சம் கட்டியிருக்கீங்க, ஆனா வட்டி ரேட் மாறாம இருந்திருந்தா அசல் இன்னும் 25 லட்சத்து 50 ஆயிரம் கிட்ட நிக்கும். இப்ப 4 லட்சத்தை போட்டு இஎம்ஐ மாத்தாம விட்டீங்கன்னா 3 வருஷம் 7 மாசம் குறையும். யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனா அவருக்கு மாவு வியாபாரம் தெரியாதே. மே மாசம் ஸ்கூல் லீவு விட்டா பாதி தாராவி திருநெல்வேலிக்கு ரயிலேறிடும், அப்ப உங்க சேல்ஸ் என்ன ஆகும்னு உங்களுக்குத்தான் தெரியும், ஹோட்டல்காரன் பில்லு அடுத்த மாசம்பான், அரிசி மண்டிக்காரர் மட்டும் இன்னைக்கே கேப்பார். லோன்ல போட்ட காசை அன்னைக்கு திருப்பிக் குடுன்னா பேங்க் குடுக்காது. டாப் அப், அதாவது அதே வீட்டு மேல கூடுதல் லோன், கேளுங்கம்பாங்க, அதுக்கு மறுபடி பேப்பர், ப்ராசஸிங் ஃபீஸ், நாள் கணக்கு. அந்த இடைவெளில தான் அந்த ஃபைனான்ஸ்காரர் உள்ள வர்றார்.

அவர் சொல்ற ஒன்றரை வட்டி ஃப்ளாட் வட்டியான்னு கேளுங்க, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 3 லட்சம், 24 மாசம், வட்டி 1,08,000, மாசம் 17,000. கேக்க வருஷத்துக்கு 18 மாதிரி இருக்கு, ஆனா அசல் மாசாமாசம் குறைஞ்சாலும் வட்டி முழு 3 லட்சத்துக்கே போடறதால, பேங்க் பாணில குறையுற பாக்கிக்கு கணக்கு போட்டா 31 பர்சென்ட்டுக்கு மேல வருது. எட்டரைய அடைக்கிறேன்னு போய் 31-ல மாட்டினவங்களை நான் கவுன்ட்டர்ல நிறைய பாத்தாச்சு, எல்லாரும் நல்லா கணக்கு தெரிஞ்சவங்க தான்!

நான்னா இப்படி பண்ணுவேன். ஒன்றரை லட்சம் தொடாம தனி அக்கவுன்ட்ல. அதுல மூணு இஎம்ஐ 78,000, மீதி அரிசி உளுந்துக்கு. 1 லட்சம் லோன்ல கட்டுங்க, அதுக்கே ஒரு வருஷம் குறையுது, தனி ஆள் பேர்ல இருக்கிற ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்குற) ஹோம் லோனுக்கு ப்ரீபேமென்ட் பெனால்டி கிடையாது. கட்டும்போது ‘இஎம்ஐ குறைக்காதீங்க, மாசத்தை குறைங்க’ன்னு எழுதிக் குடுங்க. மீதி ஒன்றரை லட்சம் கிரைண்டருக்கு கைக்காசு, பத்தாததுக்கு பேங்க்ல முத்ரா லோன் கேளுங்க, சின்ன வியாபாரத்துக்கான அரசு திட்டம். 50,000-க்கு மேல 5 லட்சம் வரைக்கும் கிஷோர்ங்கிற வகை, அடமானம் கேக்கக்கூடாது. அதுக்கு முன்ன உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது சிறு தொழிலுக்கான அரசு பதிவு, போட்டுடுங்க, ஃப்ரீ தான், ஏஜென்ட்டுக்கு 2,000 அழாதீங்க.

இன்னொண்ணு, மாவு காசு வர்ற ஜிபே உங்க வீட்டு அக்கவுன்ட்லயே இருக்குன்னு நினைக்கிறேன். அதை பிரிச்சு கடைக்கு தனி கரன்ட் அக்கவுன்ட் வைங்க, அதுலேருந்து உங்களுக்கு மாசம் ஒரு சம்பளம் எடுத்துக்குங்க, பசங்க டியூஷன் ஃபீஸ் அந்த சம்பளத்துலேருந்து தான்.

கேள்வி: 2017-ல எடுத்த லோன் சார். இஎம்ஐ மாறவே இல்ல, ஆனா ஸ்டேட்மென்ட்ல முடியுற வருஷம் 2037-லேருந்து 2041-க்கு போயிருக்கு. என்ன கொடுமை இது?
- வாசகர், முலுண்ட்

பதில்: 2022 மே மாசத்துலேருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ ரேட், அதாவது ஆர்.பி.ஐ. பேங்க்குக்கு கடன் குடுக்கிற வட்டி, 4-லேருந்து 6.5 ஆச்சு, பேங்க் உங்க இஎம்ஐய தொடாம மாசத்தை நீட்டிடுச்சு. பேங்க் உங்களை கேட்டிருக்கணும். வட்டி மாறும்போது இஎம்ஐய ஏத்தணுமா, காலத்தை நீட்டணுமா, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமான்னு கஸ்டமரை கேக்கணும்னு ஆர்.பி.ஐ. 2023 ஆகஸ்ட்ல சொல்லியாச்சு. ஆனா உங்களுக்கு பெரிய ஓட்டை வேற இடத்துல. 2017 லோன்னா அது எம்சிஎல்ஆர்ல, அதாவது பேங்க் தன் செலவை வெச்சு தானே போடற ரேட்ல, இருக்கும். 2019 அக்டோபருக்கு அப்புறம் பேங்க் குடுக்கிற ஃப்ளோட்டிங் ஹோம் லோன் எல்லாம் ரெப்போ மாதிரி வெளி ரேட்டோட கட்டியிருக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது மாறணும். 2025-ல ரெப்போ 6.5-லேருந்து 5.25-க்கு இறங்கினப்ப உங்க ஆபீஸ்ல புது லோன்காரனுக்கு சட்டுனு குறைஞ்சிருக்கும், உங்களுக்கு சொட்டு சொட்டா தான். ப்ராஞ்சுக்கு போய் ரெப்போ லிங்க்டுக்கு மாத்தச் சொல்லி லெட்டர் குடுங்க, ஒரு சின்ன சார்ஜ் கேப்பாங்க, கட்டிடுங்க. ரேட் இறங்கினதும் இஎம்ஐய அப்படியே விட்டா 2041 தானா பின்னாடி வரும்.

கேள்வி: லெதர் பேக் தைக்கிற யூனிட் வெச்சிருக்கேன் அண்ணாச்சி. ஒரு பார்ட்டி 2,80,000 நாலு மாசமா இழுக்கிறான். அதனால ரெண்டு மாசம் வீட்டு இஎம்ஐ பவுன்ஸ்.
- வாசகர், சயான்

பதில்: முதல்ல வீடு. 90 நாள் தாண்டினா கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன், ஆயிடும், அப்புறம் 60 நாள் நோட்டீஸ் வரும், அதுக்கு மேல பேச்சு கஷ்டம். இப்பவே ஒரு இஎம்ஐயாவது கட்டுங்க, பார்ட்டியோட பில்லையும் எடுத்துக்கிட்டு மேனேஜரை பாருங்க.

பார்ட்டி விஷயம்: 2006 எம்எஸ்எம்இ (சிறு தொழில்) சட்டப்படி, எழுதின ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள் தான் டைம், இல்லன்னா 15 நாள். தாண்டினா ஆர்.பி.ஐ. அறிவிக்கிற பேங்க் ரேட்டைப்போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டி. நீங்க தயாரிக்கிறவர், அதனால உத்யம் இருந்தா இது உங்களுக்கு பொருந்தும், வாங்கி விக்கிற டிரேடருக்கு பொருந்தாது. இன்னொரு பிடியும் இருக்கு, டைமுக்கு குடுக்காம நிதியாண்டு முடியறப்பவும் பாக்கி வெச்ச காசை அவன் அந்த வருஷ இன்கம் டாக்ஸ்ல செலவா காட்ட முடியாது. இதை அவனோட ஆடிட்டர் காதுல போடுங்க, பாதி பேர் அதுலயே குடுத்துடுவாங்க. மசியலன்னா எம்எஸ்எம்இ பாக்கிக்கான அரசு போர்ட்டல்ல கம்ப்ளைன்ட். பில்லு, டெலிவரி சலான், ‘நாளைக்கு போடறேன்’னு அவன் அனுப்பின வாட்ஸ்அப் எல்லாம் இன்னைக்கே பிரின்ட் எடுத்து வைங்க, ஃபோன் தொலைஞ்சா போச்சு.