முன்பணம் கட்டுவதற்கு முன்

சென்ற சனிக்கிழமை சிவகாசியிலிருந்து ஒரு தந்தையும் மகளும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியலில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தை அவருடைய அண்ணன் பேசி முடித்துவிட்டார். வீட்டை அடமானம் வைத்தால் பணம் கிடைக்கும். மகளுக்கோ வரலாறு படிக்க ஆசை. அதிலும் 1989இல் கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிஸ்ட் அரசுகள் அடுத்தடுத்துச் சரிந்த கதை. "இதைப் படித்து என்ன சோறு கிடைக்கும்?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அன்று ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. சொல்லாமல் விட்டதை இங்கே அவருக்கே எழுதுகிறேன்.

ஐயா, நீங்கள் வெளியே தேநீர் குடிக்கப் போயிருந்தபோது உங்கள் மகளிடம் ஒரு கேள்வி கேட்டேன்: கிழக்கு ஜெர்மனி ஏன் விழுந்தது? பெர்லின் சுவரை மக்கள் உடைத்த காட்சியைத்தான் விவரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடனிலிருந்து தொடங்கினாள். 1989 அக்டோபர் இறுதியில் அந்நாட்டின் திட்டக் குழுத் தலைவர் ஷூரர் தன் கட்சித் தலைமைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். வெளிநாட்டுக் கடன் மேலும் ஏறாமல் நிறுத்த வேண்டுமானால் மக்களின் வாழ்க்கைத் தரத்தை 25 முதல் 30 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருக்கும், அப்படிச் செய்தால் நாட்டை ஆள முடியாது என்றது அந்த அறிக்கை. அதே மாதம் 9ஆம் தேதி லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நடந்தார்கள், துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஹங்கேரி செப்டம்பரிலேயே எல்லையைத் திறந்து, கிழக்கு ஜெர்மானியர் மேற்கே போக வழிவிட்டிருந்தது. சுவர் திறந்த நவம்பர் 9 இவற்றுக்கெல்லாம் பிறகு வந்தது. ஒரு 17 வயதுப் பெண் பரபரப்பான காட்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கு வழக்கைத் தேடிப் போகிறாள் என்றால், அது வயதுக் கோளாறு அல்ல. அவள் மனம் எதில் ஓடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை.

வரலாறு என்றால் ஆசிரியர் வேலை அல்லது ஐ.ஏ.எஸ். தேர்வு என்றுதான் உங்கள் அண்ணன் நினைக்கிறார். அவ்விரண்டையும் ஊரே அறியும். நான் பேச விரும்புவது ஆவணக் காப்பகப் பணியைப் பற்றி.

கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் துறையான ஸ்டாசியில் 1989இல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். ஆட்சி ஆட்டம் கண்டதும் தங்கள் கோப்புகளை அவர்கள் அழிக்கத் தொடங்கினார்கள். இயந்திரங்கள் ஈடுகொடுக்காமல் போகவே கையாலேயே கிழித்தார்கள். டிசம்பர் 4 அன்று எர்ஃபுர்ட் நகரில் பெண்கள் முன்னின்று ஸ்டாசி அலுவலகத்துக்குள் நுழைந்து அழிப்பைத் தடுத்தார்கள். 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகமும் மக்கள் கைக்கு வந்தது. எஞ்சிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். அவற்றுடன் சுமார் 16,000 மூட்டைகளில் கிழிந்த காகிதம். 1995 முதல் ஒரு சிறு குழு அந்தத் துண்டுகளைத் தாளின் நிறம், தடிமன், எழுத்தின் வடிவம் பார்த்துப் பிரித்து ஒட்டியது. கையால் மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் மீண்டன. தாளைத் தொட்டே எத்தனை ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்லிவிடும் உங்களுக்கு அந்த வேலையின் அருமை என்னைவிட நன்றாகவே புரியும்.

ஒட்டுவதோடு வேலை முடியவில்லை. 1991இன் இறுதியில் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. தன்னைப் பற்றிய கோப்பை ஒருவர் கேட்டுப் படிக்கலாம். ஆனால் அதில் வரும் மற்றப் பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை மறைத்துத்தான் தர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் படித்து, எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். தன்னை வேவு பார்த்தது தன் நண்பனே என்று ஒருவர் தெரிந்துகொண்டது அப்படிப்பட்ட மேசையில்தான். அந்தக் கோப்புகளைப் பொறுப்பில் வைத்திருந்த நிறுவனத்தை முதலில் நடத்திய பாதிரியார் யோவாக்கிம் கவுக் பின்னாளில் ஜெர்மனியின் குடியரசுத் தலைவரானார்.

நம் நாட்டிலும் இந்தத் திறமைக்கு இடம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களில் ஆவண அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்கச் சொல்கிறது. இந்தப் பணிக்கு முதுகலைப் பட்டதாரிகளைப் பழக்க, தேசிய ஆவணக் காப்பகமே ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. அரசுக்கு வெளியே வங்கிகளும் மருத்துவமனைகளும் பழைய ஆவணங்களைக் கணினிக்கு மாற்றி வருகின்றன. இடங்கள் ஏராளம் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாகவே இருக்கும். அதனால்தான் கடன் வாங்கிப் படிக்கக் கூடாது என்கிறேன்.

வழி இதுதான். சென்னை மாநிலக் கல்லூரியில் இளங்கலை வரலாறு. அரசுக் கல்லூரி என்பதால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். கூடவே மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன். மூன்றாண்டுகளில் பி2 நிலையை, அதாவது சரளமாகப் பேசிப் படிக்கும் அளவை, எட்டியே ஆக வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மொழி இல்லாமல் அந்த 111 கிலோமீட்டரில் ஒரு வரியைக்கூட அவளால் படிக்க முடியாது. ஒருவேளை வரலாற்று ஆர்வம் வடிந்துபோனாலும் ஜெர்மன் தெரிந்த பட்டதாரிக்கு மொழிபெயர்ப்பும் கற்பித்தலும் இருக்கின்றன.

ஜெர்மனிக்கு அனுப்புவதைப் பற்றி இப்போதே யோசிக்காதீர்கள். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவுத் தொகையை, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் இங்கேயே முதுகலை. அந்தக் கணக்குக்காகவும் வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள்.

உங்கள் அண்ணன் மீது எனக்கு வருத்தமில்லை. தம்பி மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் அலைகிறார். ஆனால் கடனை அடைக்கப் போவது அவரல்ல. நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பில் உட்காரப் போவதும் அவரல்ல.

அடுத்த வாரம் மகளை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய காகித வாசனைக்கும் தூசிக்கும் நடுவே அவள் எவ்வளவு நேரம் பொறுமையாக நிற்கிறாள் என்று நீங்களே பாருங்கள். பொறியியல் கல்லூரிக்கு முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். கட்டாதீர்கள்.