கோழி 65: எண்ணெயைக் குறைத்தால் மட்டும் இதயத்துக்கு நல்லதாகிவிடுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 57 வயது. செம்பனைத் தோட்டத்தில் வேலை. நான்கு மாதத்துக்கு முன் ஈப்போவில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற கோழி 65 என்றால் அவருக்கு உயிர். அதை நிறுத்தியதிலிருந்து சாப்பாட்டில் பிடிப்பே இல்லை. ஏர் ஃப்ரையர் வாங்கி, நெஞ்சுக்கறியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், கடையில் விற்கும் பொரிச்ச கோழி மாவைப் பிரட்டிச் செய்து பார்த்தேன். கறி சக்கையாகிவிட்டது. மாவு வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு துண்டோடு எழுந்துவிட்டார். நாக்குக்கும் பிடித்து, இதயத்துக்கும் ஒத்துப்போகிற மாதிரி எப்படிச் செய்வது? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: எண்ணெயைத் துரத்திவிட்டு உப்பை வீட்டுக்குள் விட்டிருக்கிறீர்கள். கடையில் விற்கும் பொரிச்ச கோழி மாவில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதோடு நாம் ஊறவைக்கும்போது ஒரு தரம் உப்பு போடுகிறோம், ஓய்ஸ்டர் சாஸோ சோயா சாஸோ ஊற்றுகிறோம். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு எண்ணெயைவிட இந்தக் கூட்டுக் கணக்குதான் அதிகம் இடிக்கும். இன்னொரு பக்கம், மாவு சிவக்கக் கொஞ்சமாவது எண்ணெய் வேண்டும். அதையும் எடுத்துவிட்டதால் கறியும் போச்சு, மேல் பூச்சும் போச்சு.

முதலில் கறி. நெஞ்சுக்கறிதான் இதயத்துக்கு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். தோலோடு இருக்கும் தொடைக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம் கொழுப்பு. அதே தொடைக்கறியைத் தோல் உரித்து எடை போட்டால் 4 கிராம்தான். தோல் இல்லாத நெஞ்சுக்கறியில் இரண்டரை கிராம். ஆக, தோலை உரித்துவிட்டால் தொடைக்கும் நெஞ்சுக்கும் வித்தியாசம் ஒன்றரை கிராம்தான். அந்த ஒன்றரை கிராமுக்காகக் கறியைச் சக்கையாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கோழிக்கடையில் எலும்பும் தோலும் எடுத்த தொடைக்கறியாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் மஞ்சளாகத் தொங்கும் கொழுப்பைக் கத்தரியால் வெட்டிப் போடுங்கள். தோலை அப்படியே விட்டுவிட்டு ஏர் ஃப்ரையரில் செய்து, "எண்ணெயே ஊற்றவில்லை" என்று சமாதானம் சொல்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. தோல் கொழுப்பில் ஒரு பங்கு உருகிக் கீழே வடியும். மிச்சம் வாய்க்குள்தான் போகும்.

அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு தேக்கரண்டி தூள் உப்பே இந்த அளவைத் தாண்டிவிடும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், ஓய்ஸ்டர் சாஸில் சுமார் 500. பாட்டிலில் வரும் இஞ்சி பூண்டு விழுது, சிலி போ (அரைத்த மிளகாய் விழுது), கோழி கியூப் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கும். பாக்கெட்டைத் திருப்பி சோடியம் வரியைப் படிக்கும் பழக்கம் வேண்டும். இந்தச் சமையலுக்கு அவை எதுவுமே தேவையில்லை.

அஜினோமோட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை, பலர் முகம் சுளித்தாலும். அதில் உள்ள சோடியம், அதே எடை உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்பைப் பாதியாக்கிவிட்டு அதைக் கால் தேக்கரண்டி சேர்த்தால் மொத்தச் சோடியம் குறையும், ருசி விழாது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் "குறைந்த சோடியம் உப்பு" என்று விற்பதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பெரிண்டோபிரில், லொசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். உங்கள் கணவரின் மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இனி செய்முறை. நான்கு பேருக்கான அளவு இது.

தோலில்லாத தொடைக்கறி 500 கிராம். மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஈரத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பைத் தலைதட்டி அளந்து ஒரு சிறு தட்டில் தனியாக வையுங்கள். இன்றைய சமையலுக்கு உப்பு அவ்வளவுதான், கை போன போக்கில் தூவக் கூடாது. அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கறியில் பிசறுங்கள். மீதி கடைசியில் வேண்டும்.

கறியோடு சேர்க்க வேண்டியவை: இனிப்பில்லாத கெட்டித் தயிர் 4 மேசைக்கரண்டி, அப்போதே இடித்த இஞ்சி பூண்டு ஒன்றரை மேசைக்கரண்டி, காஷ்மீர் மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 1 தேக்கரண்டி, சோம்புத்தூள் 1 தேக்கரண்டி, மிளகுத்தூளும் சீரகத்தூளும் அரை அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி. எல்லாம் கலந்து குளிர்பெட்டியில் 2 முதல் 4 மணி நேரம் வையுங்கள். தயிர் தண்ணியாக இருந்தால் மெல்லிய துணியில் அரை மணி நேரம் வடியவிட்டு அப்புறம் சேருங்கள். எலுமிச்சைச் சாற்றை இந்தக் கட்டத்தில் ஊற்ற வேண்டாம். புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் கறியின் மேல்புறம் மாவு மாவாகிவிடும். தயிரின் மிதமான புளிப்பே போதும்.

சென்னை புஹாரி ஓட்டலில் 1965இல் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பண்டத்துக்குச் சிவப்புச் சாயம் அவசியமே இல்லை. மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. எண்ணெயில்லாச் சமையலில் கறி வெளிறி, காரம் எங்கோ தூரத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அதனால் இருக்கிற கொஞ்ச எண்ணெயை மிளகாயோடு சேர்த்துச் செலவழியுங்கள்.

சமைக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, சோள மாவு (கார்ன்ஃப்ளவர்) 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 தேக்கரண்டி சேர்த்துப் பிசையுங்கள். கோதுமை மாவைவிட அரிசி மாவு எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும், மொறுமொறுப்பும் தரும். பிசைந்த பிறகு 10 நிமிடம் சும்மா விடுவது முக்கியம். மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு கறியோடு ஒட்ட அந்த நேரம் வேண்டும். உங்களுக்கு வெள்ளைத் திட்டு வந்தது இதனால்தான்: காய்ந்த மாவு, எண்ணெய் படாத மாவு. ஏர் ஃப்ரையரின் காற்று அதை ஊதியடிக்கும், சிவக்கவைக்காது. அதற்காக பஜ்ஜி மாவு போலத் தண்ணியாகக் கரைத்தால் கூடையின் ஓட்டைகளில் வழிந்துபோகும். துண்டைத் தூக்கினால் ஒன்றும் சொட்டக் கூடாது, விரலில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். அதுதான் பதம்.

ஏர் ஃப்ரையரை 200 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் சூடாக்குங்கள். துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு ஒரே அடுக்காக வையுங்கள். சிறிய கூடை என்றால் இரண்டு தடவையாகத்தான் செய்ய வேண்டும். குவித்துப் போட்டால் வெளிவரும் ஆவியிலேயே கறி அவிந்துவிடும், பொரியாது. 6 நிமிடத்தில் திருப்பி, இன்னும் 4 முதல் 6 நிமிடம். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி வந்துவிட்டால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையென்றால் பெரிய துண்டை நறுக்கிப் பாருங்கள், நடுவில் ரோஜா நிறம் இருக்கக் கூடாது. 15 நிமிடத்தைத் தாண்டினால் தொடைக்கறியும் சக்கையாகும், மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்றால் துண்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, 8ஆவது நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள்.

ஏர் ஃப்ரையர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அடி கனத்த குவாலியோ (வாணலி) ஒட்டாத தவாவோ போதும். மாவில் சேர்க்க வேண்டிய 2 தேக்கரண்டி எண்ணெயைச் சட்டியில் விட்டு, நடுத்தரத் தீயில் துண்டுகளைப் பரப்பி, பக்கத்துக்கு 4 நிமிடம். முதல் 3 நிமிடம் தொடவே கூடாது. சிவக்கும் முன் கிளறினால் பூச்சு சட்டியோடு போய்விடும்.

கறி வேகும்போதே தாளிப்பைத் தொடங்கலாம். 2 தேக்கரண்டி எண்ணெயைச் சிறு தீயில் காயவைத்து, பொடியாக நறுக்கிய பூண்டு 4 பல், கீறிய பச்சை மிளகாய் 3, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை போடுங்கள். பூண்டு பொன்னிறமானதும் தீயை இன்னும் குறைத்து, காஷ்மீர் மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி. பத்து விநாடிதான், உடனே 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துவிடுங்கள், இல்லையென்றால் கருகும். தனியாக வைத்த உப்பு இப்போது விழ வேண்டும். நாக்கு முதலில் தொடுவது மேல்புறத்தைத்தானே, அங்கே இருக்கும் உப்பு குறைவாக இருந்தாலும் எடுப்பாகத் தெரியும். தண்ணீர் சுண்டியதும் கோழியைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி, அடுப்பை அணைத்த பிறகு 4 லீமாவ் கஸ்தூரி (சின்னப் புளிப்பு எலுமிச்சை) பிழியுங்கள். உப்பு குறைந்த இடத்தைப் புளிப்பு நன்றாகவே நிரப்பும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வாசம் பறந்துவிடும்.

பாசார் மாலாம் கோழியின் மேல் தூவித் தரும் மொறுமொறுத் துகள்தான் அந்தப் பொட்டலத்திலேயே அதிகம் எண்ணெய் குடித்த பகுதி. அதற்கும் மாற்று உண்டு. இரண்டு செராய் (எலுமிச்சைப் புல்) தண்டின் வெள்ளைப் பகுதியை மிக மெல்லியதாக நறுக்கி இடித்து, 15 கறிவேப்பிலையும் 1 தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்துச் சிறு தீயில் 6, 7 நிமிடம் வறுத்தால் உதிரியாக, வாசனையாக வரும். உப்பே வேண்டாம்.

இப்படிச் செய்தால் ஒருவர் பங்கில், அதாவது பச்சைக் கறியாக 125 கிராமில், மொத்தக் கொழுப்பு சுமார் 11 கிராம், சோடியம் சுமார் 430 மில்லிகிராம். நிறைவுற்ற கொழுப்பு (கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை) கனோலா எண்ணெயில் செய்தால் சுமார் 2 கிராம், செம்பனை எண்ணெயில் (பாமாயில்) செய்தால் சுமார் 4 கிராம். இதயநோய் உள்ளவர் 1,800 கலோரி சாப்பிட்டால், நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளைக்குச் சுமார் 12 கிராமுக்குள் இருப்பது நல்லது.

2 ரிங்கிட் 50 சென் பாக்கெட் செம்பனை எண்ணெயைக் கொட்டிவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். ஐந்து தேக்கரண்டி எண்ணெயில் செய்யும் இந்த ஒரு பண்டத்துக்காக அவசியமில்லை. ஆனால் காலைச் சம்பாலிலிருந்து இரவுக் கறிவரை தினமும் ஊற்றும் எண்ணெயைக் கனோலாவுக்கோ சூரியகாந்திக்கோ மாற்றினால் பலன் உண்டு. செம்பனை எண்ணெயில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, கனோலாவில் ஒரு பங்குகூட இல்லை. தேங்காய் எண்ணெயும் நெய்யும் இந்தச் சமையலுக்கு வேண்டவே வேண்டாம்.

தீபாவளியன்று பொரித்தே தீர வேண்டும் என்றால் புது எண்ணெய், 175 முதல் 180 டிகிரி, சிறு சிறு ஈடாகப் போடுங்கள். எடுத்தவுடன் உதறி, டிஷ்யூவில் ஒற்றுங்கள். பொரியும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் பெருமளவு உள்ளே இழுபடும். மிஞ்சிய எண்ணெயை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

இதோடு என்ன பரிமாறுகிறீர்கள் என்பதும் பார்க்க வேண்டியது. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), கிரிம்பால் ஊற்றிய தே தாரிக் டீ என்று போனால் இங்கே மிச்சம் பிடித்தது அங்கே செலவாகிவிடும். மலேசியச் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு கறி அல்லது மீன், பாதி காய்கறியும் பழமும். இந்தக் கோழிக்கு வெள்ளரியும் வெங்காயமும் நறுக்கித் தயிரில் போட்டது நன்றாகச் சேரும். வாரத்துக்கு ஒரு நாள், ஆறேழு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

காரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மிளகாய் இதயத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கக்கூடும், அதன் மேல் காரம் பட்டால் நெஞ்செரிச்சல் வரும். அப்படி வந்தால் பச்சை மிளகாயை விட்டுவிட்டுக் காரத்தைக் குறைத்துப் பாருங்கள். மலம் கறுத்துத் தார் போலப் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. சாப்பிட்ட பிறகு நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் "காரம் ஒத்துக்கவில்லை" என்று சோடா கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 999.