‘ஃபீமா அங்கீகாரம்’ என்றால் நம்பலாமா?

கேள்வி: டெக்சஸ் ஃபிரிஸ்கோவில் சொந்த வீடு, பேஸ்மென்ட் கிடையாது. டொர்னேடோ சீசனுக்கு முன் கராஜில் இரும்புப் பாதுகாப்பு அறை வைக்க நினைக்கிறோம். ‘ஃபீமா அங்கீகாரம் பெற்றது, 6,000 டாலர்’ என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா? வேறென்ன வேண்டும்? வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பதில்: அறை வைப்பது நல்ல யோசனை. ஆனால் அந்த விற்பனையாளரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அமெரிக்க அரசின் பேரிடர் முகமையான ஃபீமா, எந்தக் கம்பெனியின் அறைக்கும் அங்கீகாரம் தருவதில்லை. அது வெளியிட்டிருப்பது பி-361 போன்ற வழிகாட்டிகள் மட்டும்தான். கட்டுமானத் தரத்துக்குப் பெயர் ஐசிசி 500. அந்தத் தரப்படி நடந்த சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். 15 பவுண்டு மரக்கட்டையை மணிக்கு 100 மைல் வேகத்தில் எய்து பார்ப்பார்கள். சுவர் தாங்கிவிடும், பல்லிளிப்பது கதவுதான். கதவு, நிலை, தாழ்ப்பாள் மூன்றையும் சேர்த்துச் சோதித்த அறிக்கை இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்து கராஜ் தரை. உங்கள் பக்கம் பல வீடுகளுக்கு உள்ளே எஃகுக் கேபிள் இழுத்துக் கட்டிய போஸ்ட்-டென்ஷன் ஸ்லாப். கராஜ் தரையில் ‘வெட்டாதே, துளையிடாதே’ என்று முத்திரை குத்தியிருக்கிறதா பாருங்கள். போல்ட் அடித்து இறுக்காத அறையால் பயனில்லை; போல்ட்டுக்குப் போடும் துளை கேபிளை அறுத்தாலோ வீட்டுக்கே கேடு. ஸ்கேன் செய்து கேபிள் ஓடும் இடத்தைக் குறித்த பிறகே துளையிட வேண்டும். அந்தச் செலவும் 6,000-க்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அறை வந்தாலும் வராவிட்டாலும் வானிலை எச்சரிக்கை ரேடியோ ஒன்று வேண்டும். 2019 அக்டோபர் 20 அன்று வட டாலஸைத் தாக்கிய டொர்னேடோ வந்தது இரவு 9 மணிவாக்கில். ஊர் சைரன் வெளியில் நிற்பவர்களுக்கானது, படுக்கையறைக்குக் கேட்கும் என்று இருந்துவிடாதீர்கள். ‘சேம்’ வசதியுள்ள ரேடியோவாக வாங்கினால் உங்கள் கவுண்டிக்கான எச்சரிக்கைக்கு மட்டும் அலறும். ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரு கவுண்டிகளில் கிடப்பதால் இரண்டின் ‘சேம்’ எண்ணையும் ரேடியோவில் போட்டு வையுங்கள்.

ஏப்ரல் கடைசியில் டெக்சஸில் அவசரப் பொருட்களுக்கு விற்பனை வரி விலக்கு உண்டு. ரேடியோ, பேட்டரி போன்றவை 75 டாலருக்குள் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் அனுப்பும் கட்டணமும் விலையில் சேரும்: 70 டாலர் ரேடியோவுக்கு 8 டாலர் ஷிப்பிங் என்றால் விலக்கு போச்சு!

அறை வரும்வரை கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத பாத்ரூமோ, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரி அறையோதான் இடம். பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டை அங்கேயே மாட்டி வையுங்கள். மாமியாருக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள்.