லெயோனார் மிசோன்: எதிரொளியில் ஒரு வாழ்க்கை

கேள்வி (ஓவிய மாணவி): மிசோனின் புகைப்படங்கள் ஓவியம் போலவே இருக்கின்றன. அவர் ஓவியக் கல்லூரியில் பயின்றவரா?

பதில்: இல்லை. 1870 இல், பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரை ஒட்டிய ஜிலியில் பிறந்த அவர், லூவென் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் படித்தார். ஊரைச் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்ததால் அது இயல்பான படிப்புதான். ஆனால் மாணவராக இருந்தபோதே, 1891 அளவில், கேமரா அவரை ஈர்த்துக்கொண்டது. பட்டம் பெற்ற பின்னும் அவர் பொறியாளராகப் பணிபுரியவில்லை. குடும்பத்தின் வசதி அதற்கு இடம் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி (புகைப்பட ஆர்வலர்): எந்தப் படத்தைப் பார்த்தாலும் பனிமூட்டம், மழை, ஈரச் சாலை. ஏன்?

பதில்: பாடுபொருள் ஒன்றுமில்லை, ஒளியே எல்லாம் என்பது அவருடைய கொள்கை. சூரியனை முன்னால் வைத்து, எதிரொளியில் படமெடுப்பதையே அவர் பெரிதும் விரும்பினார். அவ்வாறு எடுக்கும்போது காற்றில் மூட்டம் இருந்தால், அருகிலுள்ள மரம் கருமையாகவும், அடுத்தது சாம்பல் நிறமாகவும், தொலைவிலுள்ளது வெளிறியும் தெரியும். தட்டையான தாளில் ஆழம் பிறப்பது இதனால்தான். ஈரச் சாலையோ வானத்தின் ஒளியைத் தரைக்கும் கொண்டுவந்துவிடுகிறது. அவருடைய பனியை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர் இந்த நுட்பத்தைக் கவனிப்பதில்லை என்பது என் கருத்து.

கேள்வி (ஆசிரியர்): மிசோன் கையாண்ட புரோமாயில் என்ற புகைப்பட அச்சு முறையை எளிமையாக விளக்க இயலுமா?

பதில்: முதலில் வழக்கமான புரோமைடு தாளில் படம் அச்சிடப்படுகிறது. பின்பு அதை ஒரு வேதிக்கரைசலில் இட்டு வெளுக்கச் செய்கிறார்கள். அப்போது வெள்ளி உருவம் மறைய, அது அடர்ந்திருந்த இடங்களில் ஜெலட்டின் இறுகிவிடுகிறது. தாளை நீரில் ஊறவைத்தால், இறுகாத பகுதி நீரை உறிஞ்சி உப்பும். இறுகிய பகுதி அவ்வளவாக உறிஞ்சாது. எண்ணெய்ப்பசையுள்ள மையைத் தூரிகையால் ஒற்றி ஒற்றி இடும்போது, எண்ணெயும் நீரும் ஒட்டாத காரணத்தால், மை இருண்ட பகுதிகளில் மட்டும் நன்கு பிடிக்கிறது. எங்கே எவ்வளவு மை என்பதைக் கை தீர்மானிப்பதால் ஒரு பிரதி போல மற்றொன்று அமையாது. மிசோன் பிரான்சின் ஃப்ரெசோன் கார்பன் என்ற அச்சு முறையையும் கையாண்டார். பிற்காலத்தில் மீடியோபுரோம் என்ற முறையைத் தாமே வகுத்தார்.

கேள்வி (அதே ஆசிரியர்): சுரங்க மண்ணில் பிறந்தவர் சுரங்கத்தைப் படமாக்கவில்லையா?

பதில்: அவர் மனம் வயல்வழிகளையும் ஆட்டுமந்தைகளையும் மழைநாள் தெருக்களையுமே நாடியது. நீங்கள் தேடுவது அவருடைய சமகாலத்தவரான குஸ்தாவ் மரிசியோவிடம் கிடைக்கும். 1905 இல் லியேஜ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியை முன்னிட்டு, அவ்வட்டார நிலக்கரி நிறுவனங்களுக்காகச் சுரங்கத் தொழிலாளரின் உழைப்பைப் பெருந்தொடராகப் படமாக்கியவர் அவர். மிசோனோ 1943 இல் தாம் பிறந்த ஜிலியிலேயே மறையும்வரை எதிரொளியை விட்டு விலகவில்லை.