1500 படம் நடித்தும் மனோரமாவால் பெரிய கதாநாயகி ஆக முடியவில்லையே, அது தோல்விதானே?

கேள்வி கேட்டவருக்கு இருபது, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். மனோரமா ஆச்சியை நகைச்சுவைத் துணுக்குகளில் மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் தப்பில்லை. ஆனால் 'தோல்வி' என்ற சொல்லைப் படித்த பிறகு என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. என் அம்மா நாடகக்காரி. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இருபத்து மூன்று வருடம் ஸ்பெஷல் நாடகத்தில் டான்ஸ் காமிக் போட்டவர். கதாநாயகி வேடமான ஸ்திரீபார்ட் இல்லை, கோமாளியோடு ஆடிப் பாடிச் சிரிக்க வைக்கும் டான்ஸ் காமிக். அதனால் இந்தக் கேள்வி ஆச்சியிடம் கேட்டதாக எனக்குப் படவில்லை, எங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்டதாகவே படுகிறது.

முதலில் ஒன்றைச் சரி செய்துவிடுகிறேன். அவர் கதாநாயகியாகவும் நடித்திருக்கிறார். 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் அவர்தான் நாயகி. சினிமாவுக்கு வருவதற்கு முன்பே மேடையில் நாயகி. மன்னார்குடியில் பிறந்து, அப்பா கைவிட்டதால் அம்மாவோடு காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு வந்த பிள்ளை. கோபிசாந்தா என்பது சொந்தப் பெயர். அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்தார். நல்ல குரல் இருந்ததால் சின்ன வயதிலேயே நாடகத்துக்குப் போய், பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழுவில் பெயர் வாங்கினார். அண்ணா, கலைஞர் இருவரோடும் மேடை ஏறியவர். அப்படிப்பட்டவரை 1958-ல் 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடத்துக்குக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். கதாநாயகி என்றால் நாலைந்து வருடம்தான், நகைச்சுவை என்றால் கடைசிவரை நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதை ஆச்சியே பேட்டிகளில் நினைவு கூர்ந்திருக்கிறார்.

'கிடைக்காததைப் பெருமையாக்கிப் பேசுகிறீர்களே' என்று சிலர் வருவார்கள். வரட்டும். நிறம், முகவெட்டு என்று அன்றைய சினிமா கணக்குப் பார்த்தது உண்மை. கேமரா முன்னால் நிற்க ஆசைப்பட்ட எத்தனையோ நல்ல நடிகைகளை அந்தக் கணக்கு ஓரங்கட்டியது. அதை நான் மறைக்கவில்லை. ஓரத்தில் நிறுத்தப்பட்ட இடத்திலிருந்தே ஒருத்தி ஐம்பது வருடத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தாள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம், சில ஊர்களில் பவளக்கொடி, அரிச்சந்திரா. கம்பெனி நாடகம் மாதிரி ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, கோமாளியான பபூன் இன்னொரு ஊரிலிருந்து. அன்று சாயங்காலம்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். ஆர்மோனியக்காரரிடம் தன் சுருதி எத்தனை கட்டை என்று சொல்லிவிட்டு முகத்தில் பவுடர் பூச உட்காரவேண்டியதுதான். (ஆச்சி இருந்தது கம்பெனி நாடகம், அது வேறு மரபு. திருத்த வருகிறவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவை ஆச்சிக்குச் சமமாக வைக்கவும் இல்லை.)

முதலில் பபூன் வருவார். அவருக்குப் பிறகு டான்ஸ். அந்த நேரத்தில் கூட்டம் உட்கார்ந்திருக்காது. பாய் விரிப்பவர்கள், பிள்ளையைத் தேடுபவர்கள், கடலை வாங்கப் போனவர்கள். அந்த இரைச்சலுக்குள் போய்ப் பாடி, ஆடி, பபூனோடு சண்டை போட்டு, ஊரையே உட்கார வைக்க வேண்டும். ஸ்திரீபார்ட் வரும்போது கூட்டம் தயாராக இருக்கும். யார் தயார் பண்ணியது என்று ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் ஐந்தாவது, ஆறாவது படிக்கும்போது விடுமுறையில் அம்மாவோடு போவேன். ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒரு சாக்கு விரித்துக் கொடுப்பார்கள். மூன்று மணிக்கு வள்ளியோடு நாரதர் செய்யும் தர்க்கம் நீண்டுகொண்டே போகும், முன்வரிசையே சாய்ந்து தூங்கும். அப்போது ஆர்மோனியக்காரர் திரும்பாமலே இடது கையை லேசாகத் தூக்குவார். அம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, இரண்டு தடவை காலை உதறிச் சலங்கையைச் சரிபார்ப்பார். பத்து மணியிலிருந்து பாதத்தில் வீக்கம் இருக்கும். மேடைக்குள் கால் வைத்ததும் அது எங்கே போகுமோ தெரியாது. ஐந்தே நிமிடத்தில் தூங்கிய ஆட்கள் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

ஒரு வருடம் மணப்பாறைப் பக்கம் ஒரு ஊர். ஸ்திரீபார்ட் வரவேண்டிய பஸ் வழியில் நின்றுவிட்டது. பதினொன்றரை ஆகிவிட்டது, விழாக் கமிட்டி ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். ஏஜெண்ட் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. டான்ஸ் உடுப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியில் இருந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வள்ளியாகப் போனார். தினைப்புனத்தில் வள்ளி குருவி விரட்டும் ஆலோலம் பாடினார். நாரதரோடு தர்க்கம் செய்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா தப்பாகப் பாடினால் அடிப்பார்களோ என்று பயம். இரண்டு மணிக்கு அந்த ஸ்திரீபார்ட் வந்து சேர்ந்ததும் வள்ளியை அவரிடம் விட்டுவிட்டு, மறுபடி டான்ஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு மூன்று மணிக்குப் பபூனோடு நின்றார். பேசிய சம்பளம் டான்ஸுக்கு உள்ளது மட்டும்தான்.

காலையில் ஏஜெண்ட் கேட்டார், "அடுத்த சீசனுக்கு ஸ்திரீபார்ட்டாவே புக் பண்ணட்டுமாக்கா?" அம்மா தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "வேணாம் தம்பி. முப்பது தாண்டுனா ஸ்திரீபார்ட்ட யாரு தேடுறா? எனக்கு ரெண்டு புள்ளைங்களப் படிக்க வைக்கணும்." பல வருடம் கழித்துக் கண்ணதாசன் ஆச்சிக்குச் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. படிக்காத ஒரு பொம்பளை தானாகவே போட்ட கணக்கு அது.

இப்போது ஆச்சியின் வரிசையைப் பாருங்கள். 'அன்பே வா'வில் நாகேஷுக்கு ஜோடியாகக் கலகலத்தவர், இருபது வருடம் கழித்து 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வேலைக்காரி கண்ணம்மா. வீட்டு வேலை செய்த தாய் வளர்த்த மகள், வீட்டு வேலைக்காரியாகவே வந்து, அந்த வீட்டில் அத்தனை பேரை விடவும் நியாயம் தெரிந்தவளாக நிற்கிறார். 'கம்முனு கெட' என்பதை இன்றைக்கும் ஊரே சொல்கிறது. 1968-ல் 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் 'வா வாத்யாரே ஊட்டாண்ட' என்று சொந்தக் குரலில் பாடினார். பள்ளத்தூரில் வளர்ந்தவருக்கு அந்த மொழி எங்கிருந்து வந்தது? காதில் விழுந்த பேச்சையெல்லாம் சேர்த்து வைத்த நாடகக் காதுதான். 'சின்ன கவுண்டர்' பார்த்தால் கொங்குத் தாய். 1989-ல் 'புதிய பாதை'க்குத் துணை நடிகைக்கான தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்று ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். இந்த ஐந்து பேர் கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அது அவ்வளவு பெரிதில்லை. எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும், எந்தத் தலைமுறையாக இருந்தாலும், அவர் தாளத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டு காட்சியைத் தூக்கி நிறுத்தினாரே, அதுதான் பெரிது.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. எஸ்.என்.லட்சுமி அம்மாவையும் சொல்ல வேண்டும். அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்தான். 1964-ல் 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்கு அம்மா, 1994-ல் 'மகாநதி'யில் கமலுக்கு மாமியார், 2004-ல் 'விருமாண்டி'யில் பாட்டி. நாற்பது வருடம். பெயர் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது, முகத்தைக் காட்டினால் 'அட, இந்தப் பாட்டியா' என்பார்கள்.

பெயர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியதும் நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம். ஒரு அலுவலகத்தில் 'நாடகம் நடித்ததற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள்' என்றார்கள். கேட்டது தப்பில்லை. ஆனால் பழைய நோட்டீஸெல்லாம் டிரங்குப் பெட்டியோடு கரையான் தின்றுவிட்டது. மிஞ்சிய இரண்டு ரோஸ் கலர் நோட்டீஸை எடுத்துப் போனோம். அதில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் படம் பெரிதாக இருந்தது. அம்மா பெயர் கீழே மடிப்பில் விழுந்து எழுத்தே அழிந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க பேரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். அம்மா அந்த மடிப்பை நகத்தால் நீவி நீவிக் காட்டினார். நாலு தடவை அலைந்தோம், அப்புறம் அம்மாவே போதும் என்றுவிட்டார். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருந்தால் அந்த அறையிலேயே தெரிந்திருக்குமே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது டூரிங் டாக்கீஸில் 'தில்லானா மோகனாம்பாள்' திரும்பப் போட்டார்கள். 1968-ல் வந்த படம். அம்மா நாடகம் இல்லாத நாளில் சினிமாவுக்குப் போவதே அபூர்வம், தூங்கத்தான் நினைப்பார். அன்று போனோம். ஜில் ஜில் ரமாமணியாக ஆச்சி வந்ததும் மண் தரையில் இருந்த மொத்தக் கூட்டமும் குலுங்கியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தார். ரமாமணி நாடகக்காரி. சினிமாவில் நாடகக்காரி என்றால் கெட்டவளாகவோ பாவப்பட்டவளாகவோ காட்டுவதுதான் அன்றைய வழக்கம் என்று அம்மா சொல்வார். இந்த நாடகக்காரி வெள்ளந்தி, தன் தொழில் தெரிந்தவள், எதிரே பெரிய வித்வான் நின்றாலும் கூசாமல் பேசுபவள். எடுத்த ஏ.பி.நாகராஜனும் நாடகத்திலிருந்து போனவர். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நம்மாளுடா தம்பி."

2015 அக்டோபர் 10 ராத்திரி ஆச்சி போய்விட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து எல்லாச் சானலிலும் அவர்தான். அம்மாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைவர்கள் வந்து மாலை போட்டதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. இடையிடையே பழைய காட்சிகள் போட்டார்கள், அதற்குத்தான் காத்திருந்தார். ரமாமணி நாயனத்தைப் பற்றி அப்பாவியாகச் சந்தேகம் கேட்பாரே, அந்தச் சத்தம் இந்த நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று, அந்தக் காட்சி வந்தது. என் மகள் சிரித்தாள். அம்மா அவள் கையைத் தட்டி நிறுத்தினார்.

"சிரிக்காம பாருடி. கேட்டுட்டு சும்மா நிக்கிறா பாத்தியா? அடுத்தவன் சிரிச்சு முடிக்க எடம் விடுறா. இது மேடையில படிச்சது."

விளம்பரம் வந்துவிட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை. "திரும்பப் போடுவாங்களாடா?" என்று கேட்டார். சாயங்காலம்வரை மூன்று தடவை போட்டார்கள்.