சாட் கடையில எதை முதல்ல சொல்றது?

கேள்வி: மதுரையில இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க, எடிசன் ஓக் ட்ரீ ரோட்ல ஒரு சாட் ரெஸ்டாரண்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம், எல்லாத்தையும் மொத்தமா ஆர்டர் பண்ணி பாதி நமுத்துப் போச்சு, அப்பா சரியாவே சாப்பிடல. அடுத்த தடவை என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: வருத்தப்படாதீங்கம்மா, ஆர்டர் பண்ண வரிசைதான் பிரச்சனை. முதல்ல பானிபூரி மட்டும் சொல்லுங்க. பூரி மேல கட்டைவிரலால லேசா குத்தி, உருளைக்கிழங்கு வச்சு, புதினா தண்ணி ஊத்தி, அடுத்த நொடியே முழுசா வாய்க்குள்ள போகணும், பாதி கடிச்சா தண்ணி பூரா சட்டையிலதான். அந்தத் தண்ணில அவிச்ச முட்டை மாதிரி ஒரு வாசனை வருமே, அது கருப்பு உப்பு, நம்ம ஊர் சமையல்ல அவ்வளவா பழக்கம் இல்ல, அப்பாவுக்கு அதுதான் ஒத்துக்கலையோ என்னமோ, முன்னாடியே சொல்லிடுங்க. அது முடிஞ்சப்புறம் பேல்பூரி, நம்ம பொரிதான், ஆனா சட்னி கலந்ததும் ஊற ஆரம்பிச்சிடும், பேசிக்கிட்டே இருக்காம உடனே சாப்பிட்ருங்க.

கடைசில பாவ்பாஜி. அப்பாவுக்கு இது கண்டிப்பா பிடிக்கும், ஏன்னா காய்கறியெல்லாம் பெரிய கல்லுல போட்டு வெண்ணெயோட மசிச்சு மசிச்சு எடுக்குறது, பம்பாய் மில் தொழிலாளிங்க அவசரமா சாப்பிட்டு வேலைக்குப் போக உதவுன சாப்பாடு, வயித்துக்கும் நிறைவா இருக்கும். கூட வர்ற பன்னுதான் பாவ், அந்தப் பேரு போர்ச்சுகீசிய மொழியில இருந்து வந்தது. பன்னு ஆறிட்டா கூச்சப்படாம திருப்பிக் குடுத்து கல்லுல வாட்டித் தரச் சொல்லுங்க, பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் கூடுதலா கேட்டு வாங்கிக்கோங்க.